எஸ்எஸ்டி போட்டும் கம்ப்யூட்டர் தவழ்கிறதா? அறிகுறியிலிருந்து கோளாறைப் பிடிக்கும் வழி

விலை குறைந்த எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே டேட்டாவை வைக்கும் டிரைவ்) எல்லா வேலையிலும் ஹார்ட் டிஸ்கை ஜெயிப்பதில்லை. ஒரு வேலையில் நூறு மடங்கு முந்தும், இன்னொன்றில் நாலு மடங்குதான் முந்தும், சிலதில் பழைய டிஸ்கிடமே தோற்கும். எது எந்த ரகம் என்று தெரியாமல் "எஸ்எஸ்டி கெட்டுப்போச்சு" என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போவதில் பலன் இல்லை.

அடிப்படைக் கணக்கு இதுதான். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும். தேவையான இடம் தலைக்கு (டேட்டாவை வாசிக்கும் முனைக்கு) அடியில் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். தலை நகர இன்னும் 9 முதல் 12 மில்லி விநாடி. ஆக, சிதறிக் கிடக்கும் சின்ன ஃபைல்களை விநாடிக்கு அறுபது எழுபதுதான் வாசிக்க முடியும். லேப்டாப்பில் வரும் 5400 சுற்று டிஸ்க் இதைவிட மோசம். எஸ்எஸ்டிக்கு நகர்த்த வேண்டிய தலையே இல்லை. எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் 0.1 மில்லி விநாடி அளவில் பதில் சொல்லிவிடும். விண்டோஸ் பூட் ஆகும்போது வாசிப்பது பெரும்பாலும் இந்தச் சின்ன ஃபைல்களைத்தான். 'பறக்கிறது' என்ற உணர்வு வருவது இங்கேதான். பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும் "விநாடிக்கு 550 எம்பி"யால் அல்ல.

எனவே முதலில் பார்க்க வேண்டிய எண் காத்திருப்பு நேரம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஒரு வரி இருக்கும். சாதாரண வேலையில் நல்ல எஸ்எஸ்டி 1 மில்லி விநாடிக்கு அக்கம்பக்கத்தில் நிற்கும். ஹார்ட் டிஸ்க் 10, 20 என்று இருக்கும். திணறும்போது 500, 1000 என்று ஏறும். எஸ்எஸ்டி நூறுக்கு மேல் காட்டிக்கொண்டே இருந்தால் விஷயம் இருக்கிறது.

டிரைவின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான். எதையும் நோண்டுவதற்கு முன் டேட்டாவை வேறொரு டிஸ்கில் பேக்கப் எடுத்துவிடுங்கள். கீழே சொல்லும் வேலைகளில் சில, கை தவறினால் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

அறிகுறி 1: எஸ்எஸ்டி போட்டாச்சு, ஆனால் பழைய வேகம்தான்

முதல் சந்தேகம்: விண்டோஸ் இன்னும் பழைய டிஸ்கிலிருந்தேதான் ஓடுகிறதா? இரண்டு டிஸ்கும் உள்ளே இருக்கும் மெஷினில் இது அடிக்கடி நடக்கும். டாஸ்க் மேனேஜரில் 'சி' என்று போட்டிருக்கும் டிஸ்குக்குக் கீழே எஸ்எஸ்டி என்று இருக்கிறதா, எச்டிடி என்று இருக்கிறதா பாருங்கள். இதில் ஒரு வஞ்சகமான ரகமும் உண்டு. சி டிரைவ் எஸ்எஸ்டியில் இருக்கும். பூட் பார்ட்டிஷன் (மெஷினை எழுப்பும் ஃபைல்கள் இருக்கும் பகுதி) மட்டும் பழைய டிஸ்கில் தங்கியிருக்கும். மெஷின் ஒழுங்காக ஓடும். பழைய டிஸ்கைக் கழற்றிய அன்று பூட் ஆகாது. புதிதாக விண்டோஸ் போடும்போது மற்ற எல்லா டிஸ்கையும் கழற்றி வைத்துவிட்டுப் போட்டால் இந்தத் தொல்லையே வராது.

இரண்டாவது, ரேம். 4 ஜிபி ரேமில் பிரவுசரைத் திறந்து பத்து டேப் வைத்தால் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டும். பிறகு விண்டோஸ் டிஸ்கையே ரேம் மாதிரி பயன்படுத்த ஆரம்பிக்கும். ஹார்ட் டிஸ்கைவிட எஸ்எஸ்டியில் இது தேவலை, அவ்வளவுதான். இந்த மெஷினுக்கு வேண்டியது இன்னொரு 4 ஜிபி ரேம்.

மூன்றாவது, இணைப்பு வேகம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இப்போது ஓடும் வேகம், இரண்டாவது டிரைவால் முடிந்த வேகம். சாட்டா (டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் முறை) 600-க்கு 600 என்றால் பிரச்சினை இல்லை. முதல் எண் 300 என்றால் பழைய போர்ட். உச்சம் விநாடிக்கு 270, 280 எம்பிதான் கிடைக்கும். இதற்காக மதர்போர்டை மாற்றக் கிளம்ப வேண்டாம். சின்ன ஃபைல் வாசிப்பதில் மலிவு எஸ்எஸ்டி விநாடிக்கு 20 முதல் 40 எம்பிதான் தொடும், அதற்கு இந்தப் பழைய போர்ட்டே தாராளம். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொருந்தும் கேடி என்ற சட்டத்தில் எஸ்எஸ்டி வைத்தவர்கள் மட்டும் கவனியுங்கள்: பல லேப்டாப்களில் அந்தப் போர்ட் மெதுவானது. எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துக்கும், ஹார்ட் டிஸ்கைக் கேடிக்கும் மாற்றுங்கள். கேடி வாங்கும்போது தடிமன் பாருங்கள், 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு உண்டு.

நான்காவது, பயாஸில் (மெஷினைப் போட்டதும் விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) சாட்டா மோட் பழைய ஐடிஇ என்று இருப்பது. அதைப் புது முறையான ஏஎச்சிஐ-க்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை வரும். விண்டோஸ் 10-இல் வரிசை இது:

1. ஸ்டார்ட்டில் எம்எஸ்கான்ஃபிக் என்று தேடித் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட் டிக் செய்யுங்கள்.
2. ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸுக்குள் போகாமல் நேரே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்கிச் சேமியுங்கள்.
3. சேஃப் மோடில் விண்டோஸ் எழும்போது சரியான டிரைவரை அதுவே எடுத்துக்கொள்ளும்.
4. சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பார்ட்டிஷனை அப்படியே குளோன் செய்து கொண்டுவந்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். விண்டோஸின் எம்எஸ்இன்ஃபோ32 கருவியில் ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் போய் 'பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்' எண்ணை எடுங்கள். 10,48,576 என்றால் சரி. 32,256 என்றால் பார்ட்டிஷன் 4096-இன் மடங்கில் தொடங்கவில்லை. எழுதும் ஒவ்வொரு சின்னத் துண்டு டேட்டாவும் இரண்டு பக்கங்களில் விழுந்து, வேகமும் ஆயுளும் இரண்டும் போகும். ஒட்டுப்போடுவதைவிடப் புதிதாக விண்டோஸ் போடுவதே நல்லது.

அறிகுறி 2: காப்பி ஜோராகத் தொடங்கி, பாதியில் படுத்துவிடுகிறது

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். காப்பி நடக்கும்போது விண்டோஸ் காட்டும் பச்சை வரைபடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கோளாறை அதன் வடிவமே சொல்லிவிடும்.

தொடக்கத்திலிருந்தே 35, 40 எம்பியில் தரையோடு தரையாக ஒரு கோடு போனால் யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள், அல்லது கேபிள் அந்த ரகம். டிரைவில் குற்றமில்லை. நீல நிறப் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

400-இல் மேடாகப் போய், திடீரென்று மலைச்சரிவு மாதிரி 80, 60 என்று விழுந்து அங்கேயே கிடந்தால் கேஷ் (வேகமாக எழுதிக்கொள்ளும் தற்காலிக இடம்) தீர்ந்துவிட்டது. மலிவு எஸ்எஸ்டியில் ஒரு செல்லுக்குள் டிஎல்சி என்றால் மூன்று பிட், கியூஎல்சி என்றால் நான்கு பிட் திணிக்கிறார்கள். நான்கு பிட் என்றால் 16 மின்னழுத்த நிலைகளைத் துல்லியமாகப் பிரித்து எழுத வேண்டும், அதனால் எழுதுவது மெதுவாகத்தான் நடக்கும். இதை மறைக்க, கொஞ்சம் செல்களில் செல்லுக்கு ஒரே பிட் என்று வேகமாக எழுதிவைத்து, மெஷின் சும்மா இருக்கும்போது உள்ளே அடுக்கிக்கொள்கிறார்கள். அந்த முன்னறைதான் எஸ்எல்சி கேஷ். அது நிரம்பியதும் டிரைவின் உண்மையான வேகம் தெரிந்துவிடும்.

மற்றவர்கள் பூசி மெழுகுகிற இந்த விஷயத்தைச் சாம்சங் 870 கியூவிஓ டேட்டா ஷீட்டில் வெளிப்படையாகவே போட்டிருக்கிறது. 1 டிபி மாடலில் கேஷ் அதிகபட்சம் 42 ஜிபி. அது தீர்ந்தால் எழுதும் வேகம் விநாடிக்கு 80 எம்பி. இனி கணக்குப் போடுங்கள். 200 ஜிபி வீடியோவை எழுத வேண்டும். முதல் 42 ஜிபி ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சம் 158 ஜிபிக்கு 33 நிமிடம். விநாடிக்குச் சராசரி 140 எம்பி எழுதும் ஒரு டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் இதே வேலையை 24 நிமிடத்தில் முடித்துவிடும். பழசு ஜெயிக்கும் இடம் இது.

அந்த 42 ஜிபியும் நிரந்தரமல்ல. அதில் 6 ஜிபிதான் நிலையானது, மீதி 36 ஜிபி காலி இடத்திலிருந்து கடன் வாங்கியது. டிரைவை விளிம்பு வரை நிரப்பினால் கடன் கொடுக்க இடம் இருக்காது. "புதுசில் நல்லா இருந்தது, இப்போ ஸ்லோ" என்ற புகாரில் பாதி இப்படி வருவதுதான். 15 முதல் 20 சதவீதம் காலியாக வைத்திருங்கள்.

கேஷ்தானா, கோளாறா என்று உறுதிசெய்ய, காப்பியை நிறுத்திவிட்டு மெஷினை அணைக்காமல் அரைமணி நேரம் சும்மா விடுங்கள். மறுபடி காப்பி போடும்போது மேடு திரும்ப வந்தால் கேஷ்தான், டிரைவ் நலம். வரவில்லையென்றால் டிரிம் ஓடுகிறதா பாருங்கள்: ஸ்டார்ட்டில் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்று தேடித் திறந்து, அந்த டிரைவைத் தேர்ந்தெடுத்து ஆப்டிமைஸ் அழுத்துங்கள். ஹார்ட் டிஸ்குக்கு அது டிஃப்ராக் செய்யும். எஸ்எஸ்டிக்கு, அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்லும், டிரிம் என்பது அதுதான். பழைய யுஎஸ்பி கேஸ்கள் சில இந்தத் தகவலை உள்ளே கடத்தாது.

ஹார்ட் டிஸ்கிலும் இதே நோய் உண்டு. எஸ்எம்ஆர் ரக டிஸ்கில் தடங்களை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுகிறார்கள். ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் மறுபடி எழுத வேண்டும். அதனால் அதற்கும் ஒரு கேஷ் பகுதி. அது நிரம்பினால் வேகம் 10 எம்பிக்கும் கீழே விழலாம். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசை டிஸ்க்குகள் சிலவற்றில் சொல்லாமல் இதைப் புகுத்தியது வெளியே வந்து பெரிய சர்ச்சை ஆனது. ஆக "ஹார்ட் டிஸ்க்தானே, சீராக எழுதும்" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது.

வரைபடம் ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கி, அடிக்கடி பூஜ்யத்தைத் தொட்டால் சூடு, கேபிள் அல்லது கெட்ட செல்கள். சின்ன என்விஎம்இ (மதர்போர்டில் நேரே செருகும், சாட்டாவைவிட வேகமான ரகம்) டிரைவ் என்றால் முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். 80 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு ஹீட்சிங்க் போட்டால் அடங்கிவிடும்.

அறிகுறி 3: சில விநாடிகள் உறைகிறது, டிஸ்க் 100 சதவீதம், வேகமோ பூஜ்யம்

முதலில் கேபிள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி7 என்ற வரி, சிஆர்சி எரர் கவுன்ட். ரா வேல்யூ பதினாறின் அடிமானத்தில் இருக்கும். ஃபங்ஷன் மெனுவில், அட்வான்ஸ்டு ஃபீச்சர் உள்ளே பத்தின் அடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த எண்ணை ஒரு தாளில் குறித்துவைத்து, ஒருநாள் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் டிரைவுக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா சிதைகிறது. சாட்டா கேபிளை மாற்றுங்கள். லேப்டாப்பில் டிஸ்குக்குப் போகும் தட்டை ரிப்பன்தான் வழக்கமான குற்றவாளி. பழைய டிஸ்க் அதோடு ஒழுங்காக ஓடியது என்பது சாட்சியாகாது. அது இத்தனை வேகத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். சி7 ஒருமுறை ஏறினால் இறங்காது, கேபிளை மாற்றியும் பழைய எண் அப்படியே நிற்கும். ஏறாமல் நின்றாலே போதும்.

சி7 ஏறவில்லையென்றால் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறங்கள். 'ஸ்டோர்ஏஎச்சிஐ' என்ற பெயரில் 129 எண் எச்சரிக்கைகள், உறைந்த அதே நேரத்தில் பதிவாகியிருந்தால், டிரைவ் பதில் சொல்லாமல் போய் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது. மின்சிக்கன அமைப்பு ஒரு காரணமாகலாம். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றிச் சோதியுங்கள். அடுத்தது டிரைவின் ஃபர்ம்வேர், அதாவது டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள். இதைப் பலரும் தொடுவதே இல்லை. குரூஷியல் எம்4 டிரைவ் 5184 மணி நேரம் ஓடிய பிறகு மணிக்கொருமுறை தொங்கிப்போனது 2012-இல் பிரபலமான கதை. ஃபர்ம்வேர் அப்டேட்தான் தீர்த்தது. 2024-இல் விண்டோஸ் 11-இன் 24எச்2 வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டல் எஸ்என்770 2 டிபி டிரைவ்களில் நீலத்திரை வந்ததும் அப்படித்தான். இந்த டிரைவ்களில் சொந்தமாக டிராம் (டிரைவுக்குள் இருக்கும் சின்ன ரேம்) கிடையாது, கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கும். விண்டோஸ் திடீரென்று 200 எம்பி கொடுத்ததும் பழைய ஃபர்ம்வேர் குழம்பிவிட்டது.

டிராம் என்றதும் ஒன்று. எந்த டேட்டா எந்தச் செல்லில் என்ற அட்டவணையை வைத்துக்கொள்ள 1 டிபிக்குச் சுமார் 1 ஜிபி டிராம் வேண்டும். விலையைக் குறைக்க முதலில் வெட்டுவது இதைத்தான். என்விஎம்இ டிரைவ் ரேமிடம் கடன் வாங்கிச் சமாளிக்கும். சாட்டா டிரைவுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் மாதிரி டிரைவ் முழுக்கத் தாவித் தாவி எழுதும் வேலைக்கு டிராம் இல்லாத சாட்டா எஸ்எஸ்டி வாங்காதீர்கள். டேலி, பிரவுசர், ஆபீஸ் வேலைக்கு வித்தியாசமே தெரியாது.

உறைவது ஹார்ட் டிஸ்க் என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில், கெட்ட இடங்களை எண்ணும் 05, சி5, சி6 வரிகளைப் பாருங்கள். சி5-இல் பூஜ்யத்துக்கு மேல் எதுவானாலும், வாசிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. செக் டிஸ்க் ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்கை அது இன்னும் ஓட ஓட விரட்டும். லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ மூலம் முழு டிஸ்கையும் இமேஜ் எடுங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருவதுதான் அதன் சாமர்த்தியம்.

அறிகுறி 4: டிரைவே தெரியவில்லை

எங்கே தெரியவில்லை என்பதில்தான் விஷயம்.

பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் மட்டும் இல்லை என்றால் புது டிரைவ் இன்னும் தயார்செய்யப்படவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஜிபிடி தேர்ந்து இனிஷியலைஸ் செய்து, நியூ சிம்பிள் வால்யூம் போடுங்கள். முன்பு டேட்டா இருந்த டிரைவ் இப்படி இனிஷியலைஸ் கேட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் போடும்போது மட்டும் என்விஎம்இ தெரியவில்லை, மெஷின் இன்டெல் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால் விஎம்டி என்ற இன்டெலின் டிரைவ் நிர்வாக அமைப்புதான் காரணமாக இருக்கும். லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து அதற்கான ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் விரித்துவைத்து, 'லோட் டிரைவர்' மூலம் கொடுங்கள். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் தெரியும்.

பயாஸிலேயே தெரியவில்லை, எம்.2 (மெல்லிய பட்டை வடிவ) ரகம் என்றால் செருகும் முனையில் கடித்தது போன்ற வெட்டுகளை எண்ணுங்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. ரகம் பொருந்தாவிட்டால் ஸ்லாட்டில் இறுக்கமாக உட்கார்ந்தும் ஓடாது; அந்த ஸ்லாட் எந்த மொழி பேசும் என்பது மதர்போர்டு கையேட்டில்தான் இருக்கும். அதே கையேட்டில் "எம்.2 போட்டால் 5, 6-ஆம் சாட்டா போர்ட் அணையும்" என்பது போல ஒரு வரி இருந்தாலும் இருக்கும். எம்.2 போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போவது இதனால்தான், அதை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் திரும்பி வரும்.

நேற்றுவரை ஓடி, கரன்ட் போய் வந்ததும் காணாமல் போனது என்றால், எந்த டேட்டா எங்கே என்று டிரைவ் வைத்திருக்கும் அட்டவணை குலைந்திருக்கலாம். டெஸ்க்டாப்பில் டேட்டா கேபிளைப் பிடுங்கிவிட்டு பவர் கேபிளை மட்டும் செருகி 20 நிமிடம் விடுங்கள். 30 விநாடி அணைத்து, மறுபடி 20 நிமிடம். பிறகு டேட்டா கேபிளைச் செருகிப் பாருங்கள். லேப்டாப் என்றால் பயாஸ் திரையிலேயே நிறுத்தி வையுங்கள். சில டிரைவ்கள் இந்த அவகாசத்தில் அட்டவணையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடும். எழுந்தால் முதல் வேலை பேக்கப், இரண்டாவது வேலை யுபிஎஸ்.

பயாஸில் பிராண்ட் பெயர் போய் 'சாட்டாஃபர்ம் எஸ்11' என்று காட்டினால் டிரைவை இயக்கும் சிப்பான ஃபைசன் எஸ்11 கன்ட்ரோலர் தன் ஃபர்ம்வேரை வாசிக்க முடியாமல் நிற்கிறது. ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றும் கருவிகள் இணையத்தில் சுற்றுகின்றன. டிரைவ் பிழைக்கும், உள்ளே இருந்த டேட்டா சுத்தமாகப் போய்விடும். டேட்டா முக்கியம் என்றால் அதைத் தொடாமல் மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். வேண்டாம் என்றால் வாரன்ட்டிக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 5: கொள்ளளவு குறைகிறது, அல்லது எழுதிய ஃபைல் திறக்கவில்லை

240 ஜிபி என்று வாங்கியது 223 என்று காட்டுவது கோளாறு அல்ல. கம்பெனி ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024-ஆல். 480 என்பது 447, 1 டிபி என்பது 931.

ஆனால் நம்ப முடியாத விலையில் வாங்கிய 2 டிபி, 16 டிபி 'போர்ட்டபிள் எஸ்எஸ்டி' வேறு கதை. பிரித்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டி, நிரம்பியதும் எழுதியதை மௌனமாகத் தொலைத்துவிடும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளைக் கொண்டு டிரைவ் முழுக்க எழுதி வாசித்துப் பாருங்கள், லினக்ஸில் எஃப்3. வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்.

அறிகுறி 6: ஹெல்த் 98 சதவீதம், ஆனாலும் செத்துவிட்டது

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும் அந்த சதவீதம் செல்களின் தேய்மானத்தை மட்டும்தான் சொல்கிறது. கிங்ஸ்டன் ஏ400 240 ஜிபிக்கு உத்தரவாதம் தரும் மொத்த எழுதும் அளவு 80 டிபி. ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் 4000 நாள், ஏறக்குறைய 11 வருஷம். வீட்டு உபயோகத்தில் செல் தேய்ந்து சாகும் டிரைவ் அபூர்வம். கன்ட்ரோலர், ஃபர்ம்வேர், மின்சாரம் இவற்றால்தான் சாகின்றன, அவற்றுக்குச் சதவீதம் கிடையாது. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் டக் டக் என்று சத்தம் போட்டு, மெதுவாகி, சி5 ஏறி, சொல்லிவிட்டுச் சாகும். எஸ்எஸ்டி காலையில் ஓடி மதியம் இருக்காது. தப்பித் தவறி அழித்த ஃபைலை மீட்பதிலும் இதே கதை. ஹார்ட் டிஸ்கில் பெரும்பாலும் முடியும். எஸ்எஸ்டியில் டிரிம் ஓடியபிறகு ரெகவரி சாஃப்ட்வேர் பூஜ்யங்களைத்தான் காட்டும்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்கைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம் என்றால் யுஎஸ்பி கேஸில் போட்டு, மாதம் ஒருமுறை பேக்கப் எடுத்து அலமாரியில் வையுங்கள். அந்த வேலைக்கு எஸ்எஸ்டியைவிட அதுவே பொருத்தம். செல்லில் இருக்கும் மின்னேற்றம் மெல்லக் கசியும். சிப் தொழில்துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலைப்படி, உத்தரவாத எழுதும் அளவு தீர்ந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் டேட்டாவைத் தாங்கினால் போதும். சூடு கூடினால் காலம் குறையும். பேக்கப்புக்கு எஸ்எஸ்டிதான் இருக்கிறது என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி, எல்லா ஃபைலையும் ஒருமுறை வாசிக்கவிட்டு எடுத்து வையுங்கள்.